நின்றது மிஷின், பிடித்தது கூலி!

கோட்டாறு கடைத்தெருப் பக்கம் ஒரு கட்டடத்தில் கூட்டித் துடைக்கும் சகோதரி ஒருவர் சென்ற வாரம் நம்மிடம் வந்தார். பாட்டரியில் ஓடும் தூசி உறிஞ்சும் மிஷினை அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து நிமிஷம் ஓடும், நின்றுவிடும். "நீதான் கெடுத்தாய்" என்று காண்டிராக்டர் கூலியில் பிடித்துக்கொண்டாராம்!

மிஷின் ஏன் நிற்கிறது என்று அவர் பார்த்தாரா? இல்லை. நாம் பார்த்தோம்.

பில்ட்டரில் தூசி அப்பிக் கிடந்தது. உறிஞ்சும் காற்றுதான் மோட்டாரைக் குளிர வைக்கிறது. மடையில் செத்தை அடைத்தால் வயலுக்குத் தண்ணீர் பாயுமா? அதுபோல் பில்ட்டர் அடைத்தால் காற்று பாயாது, மோட்டார் கொதிக்கும், எரிந்துபோகாமல் காக்க உள்ளிருக்கும் கருவி தானே நிறுத்திவிடும். உருளைப் பிரஷில் முடியும் நூலும் சுற்றினாலும் இதே கதிதான். மில் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பாட்டரியைக் கழற்றிவிட்டு, தூசியைக் கொட்டினோம். பிரஷைச் சுத்தம் செய்தோம். பில்ட்டரைக் கழுவி ஒரு நாள் முழுக்க உலர்த்தினோம். பாட்டரி முனைகளை உலர்ந்த துணியால் துடைத்தோம். மெதுவேகத்தில் நன்றாக ஓடியது. முழுவேகத்தில் மறுபடி நின்றது!

அப்படியானால் பாட்டரி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். வரிசையாக இணைத்த லித்தியம் செல்களில் ஒன்று சோர்ந்தாலும் மொத்தமும் நிற்கும். சில நூறு முறை சார்ஜ் ஏற்றினால் சக்தி குறையவே செய்யும். இது உழைத்துத் தேய்ந்த தேய்வு, யாரும் கெடுத்ததல்ல. (பாட்டரியை யாரும் உடைத்துப் பார்க்க வேண்டாம்; தீப்பிடிக்கும்.)

"பில்ட்டரைக் கழுவாதது அவள் குற்றம்தானே?" என்பார் காண்டிராக்டர். கழுவச் சொல்லிக் கொடுத்தது யார்? ஒருவருமில்லை! நஷ்டத்துக்காகக் கூலியில் பிடிப்பதானால், தொழிலாளியின் கவனக்குறைவே நேரடிக் காரணமாயிருக்க வேண்டும். அவருக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். நஷ்டத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. 1936-ம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் சொன்னது இது. 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும், பதில் கேட்காமல் பிடிக்காதே என்றே சொல்கிறது.

கம்பெனிகளின் சூதோ இன்னும் பெரிது. பாட்டரியைக் கழற்ற முடியாமல் அடைத்து வைப்பது, உதிரிபாகம் தர மறுப்பது, "புதிது வாங்கு" என்பது! இது பழைய வித்தை. 1924-ல் பல்பு முதலாளிகள் ஜெனீவாவில் கூடி, பல்பின் ஆயுளை 1,000 மணி நேரமாகக் குறுக்க ஒப்பந்தம் செய்தார்கள். அதிக நேரம் எரியும் பல்பு செய்தவனுக்கு அபராதம்!

கையடக்கச் சாதனங்களின் பாட்டரியை, சில விலக்குகள் போக, வாங்கியவரே கழற்றி மாற்ற வகை இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய யூனியன் 2023-ல் சட்டம் செய்தது. 2027 பிப்ரவரி 18 முதல் அமல். நம் சர்க்கார் 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை' என்று இணையதளம் திறந்தது. தளம் திறந்தால் போதுமா? உதிரிபாகம் தர மறுப்பவனைத் தண்டிக்கும் சட்டம் வேண்டும்!

பிடித்த கூலியைத் திருப்பிக் கொடு! புதுப் பாட்டரி மாட்டு! மிஷினின் தேய்மானத்தை உழைப்பவர் தலையில் கட்டாதே!