புது ரவுட்டர்: வேகத்துக்காகக் காத்திருக்கலாம், பாதுகாப்புக்காகக் கூடாது

2024 நவம்பர் 7-ம் தேதி சோனியின் பிளேஸ்டேஷன் 5 ப்ரோ உலகச் சந்தைக்கு வந்தது. அப்போது இந்தியாவுக்கு வரவில்லை. அதற்கு நிறுவனம் சொன்ன காரணம் விலையோ வரியோ அல்ல. அந்தக் கருவியில் இருக்கும் வைஃபை 7, 6 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துகிறது. அந்த அலைவரிசையில் வைஃபை இயங்க அப்போது இந்தியாவில் அனுமதி இல்லை. அவ்வளவுதான்.

கேம் பிரியர்கள் மட்டும் புலம்பிக்கொண்டிருந்த இந்த விஷயம் இப்போது எல்லோர் வீட்டு ஹாலுக்கும் வந்துவிட்டது. 2025 மே 16-ம் தேதி மத்திய தொலைத்தொடர்புத் துறை ஒரு வரைவு விதியை வெளியிட்டது. 6 ஜிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியை, அதாவது 5925 முதல் 6425 வரையிலான 500 மெகாஹெர்ட்ஸை, உரிமம் இல்லாமலே வைஃபைக்குப் பயன்படுத்தலாம் என்றது அந்த வரைவு. கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம். இறுதி விதி அரசிதழில் வெளியான பிறகே நடைமுறைக்கு வரும் என்பது அன்றைய நிலை.

உடனே கிளம்பிய கேள்வி: பழைய ரவுட்டரை இப்போதே மாற்றுவதா, இல்லை 6 ஜிகாஹெர்ட்ஸ் வரும்வரை பொறுப்பதா? கடைக்காரர் "வைஃபை 7 வாங்கிப்போடுங்க, அஞ்சு வருசத்துக்குக் கவலையே இல்லைங்க" என்பார். ஆபீஸ் நண்பர் "கொஞ்ச மாசம் பொறு மாப்ள" என்பார். இரண்டு பேருமே பேசுவது வேகத்தைப் பற்றி. ஆனால், ரவுட்டரை மாற்றியே ஆக வேண்டிய அவசரம் எந்த வீட்டில் உண்மையாகவே இருக்கிறதோ, அங்கே பெரும்பாலும் காரணம் வேகம் அல்ல.

அந்த 6 ஜிகாஹெர்ட்ஸில் என்ன இருக்கிறது?

அந்த வரைவு வந்தபோது நம் வீட்டு வைஃபை 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில்தான் ஓடியது. 2.4-ல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று. புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான் இரைச்சல் போடும். 5 ஜிகாஹெர்ட்ஸில் இந்தியா 2018 அக்டோபரில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் தேவையில்லாமல் திறந்துவிட்டது. இன்று வீடியோ காலும் ஓடிடியும் ஓரளவு தடங்கல் இல்லாமல் ஓடுவதில் அந்த முடிவுக்கு நிறையப் பங்கு உண்டு.

அமெரிக்கா 2020 ஏப்ரலிலேயே 6 ஜிகாஹெர்ட்ஸில் 1,200 மெகாஹெர்ட்ஸை முழுசாகத் திறந்தது. ஐரோப்பா 2021-ல் கீழ்ப்பகுதியை மட்டும். இங்கே செல்போன் நிறுவனங்கள் அந்த அலைக்கற்றை மொபைல் சேவைக்கு வேண்டும் என்றன. தொழில்நுட்ப நிறுவனங்கள் வைஃபைக்கு வேண்டும் என்றன. வருடக்கணக்கில் இழுத்த அந்தப் பஞ்சாயத்தில் வரைவு வைஃபைக்குத் தந்தது 500.

500 போதுமா? வைஃபை 7 விளம்பரங்களில் வரும் உச்ச வேகத்துக்கு 320 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனல் வேண்டும். 500-க்குள் அப்படி ஒன்றுதான் அடங்கும். 160 அகல சேனல் என்றால் மூன்று. பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தை வீட்டில் எதிர்பார்க்காமல் இருப்பது நல்லது. வரைவு வந்தபோது இங்கே விற்ற வைஃபை 7 ரவுட்டர்கள் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸில்தான் இயங்கின. விதி வந்த பிறகு, ஏற்கெனவே வாங்கிய பெட்டியில் 6 ஜிகாஹெர்ட்ஸ் தானாக முளைக்காது. அதற்கான வன்பொருள் உள்ளே இருக்க வேண்டும்; இருந்தாலும், அப்டேட் கொடுத்துத் திறப்பதா வேண்டாமா என்பது அந்தந்த நிறுவனத்தின் கையில்.

கிணத்துக்கடவு வீடும் சரவணம்பட்டி ஃபிளாட்டும்

புது அலைவரிசை தீர்ப்பது நெரிசலை. சரவணம்பட்டியில் ஐடி கம்பெனிகளை ஒட்டிய ஒரு அபார்ட்மென்டில் போனைத் திறந்தால் முப்பது நாற்பது வைஃபை பெயர்கள் வரிசையாக நிற்கும். அந்த வீட்டுக்கு 6 ஜிகாஹெர்ட்ஸ் நிஜமான நிம்மதி.

கிணத்துக்கடவு கதை வேறு. கோவை - பொள்ளாச்சி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஹாலில் டிவிக்குப் பின்னால் ரவுட்டர். மாடியில் புதிதாகக் கட்டிய அறையில் மகளோ மகனோ வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. நடுவில் கான்கிரீட் தளம். பின்பக்கம் தென்னந்தோப்பு, அதைத் தாண்டி மோட்டார் ரூம், பழைய சாளை. பக்கத்து வீட்டு சிக்னல் இரண்டோ மூன்றோ தெரியலாம். இங்கே நெரிசல் என்று ஒன்று இல்லவே இல்லை. பிரச்னை தூரமும் சுவரும்.

அலைவரிசை ஏற ஏற, அலை சுவரைத் தாண்டும் சக்தி குறையும். 2.4 கான்கிரீட்டைத் தாண்டி ஓரளவு மேலே போகும், 5 திணறும், 6 இன்னும் திணறும். போதாததற்கு வரைவு விதியிலேயே சக்திக்குக் கட்டுப்பாடு இருக்கிறது: கட்டடத்துக்குள் அதிகபட்சம் 30 டிபிஎம், அதாவது ஒரு வாட், வெளியே 14 டிபிஎம், சுமார் 25 மில்லிவாட். தோப்பு வரை 6 ஜிகாஹெர்ட்ஸ் போகும் என்ற கனவே வேண்டாம். 2024 ஆகஸ்டில் உக்கடம் மேம்பாலம் திறந்ததால் உக்கடத்தில் தேங்கி நின்றவர்களுக்குத்தான் லாபம். தோட்டத்து மண்பாதை அதனால் தார் ரோடாகிவிடவில்லை.

ஆக, இந்த மாதிரி வீடுகள் 6 ஜிகாஹெர்ட்ஸுக்காகக் காத்திருப்பதில் அர்த்தமே இல்லை. அதற்காக இப்போதே ஓடிப்போய் வாங்க வேண்டும் என்றும் இல்லை. முதலில் எது மெதுவாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்குப் பத்து நிமிடமும் ஒரு லேன் கேபிளும் போதும்.

லேப்டாப்பை ரவுட்டரோடு கேபிளில் இணைத்து ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுங்கள். அடுத்து ரவுட்டரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று வைஃபையில். கடைசியாக, தொல்லை தரும் அந்த அறையில். கேபிளிலேயே வேகம் இல்லையென்றால் ரவுட்டர் பாவம். பிரச்னை லைனில் அல்லது பிளானில். ஜியோ ஃபைபரின் 399 ரூபாய் பிளான் 2020-ல் வந்தபோது அதன் வேகம் 30 எம்பிபிஎஸ். அப்படி ஒரு பிளானை வைத்துக்கொண்டு வைஃபை 7 வாங்குவது, வாய்க்கால் தண்ணீருக்கு ஆற்றுப் பாலம் கட்டுவது மாதிரி.

கேபிளில் 90 முதல் 95-க்குள் வந்து அதற்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறதா? பிளான் 200 எம்பிபிஎஸ்ஸாக இருந்தும் இப்படியென்றால், ரவுட்டரின் லேன் போர்ட் பழைய 100 எம்பிபிஎஸ் ரகமாக இருக்கலாம். அல்லது கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பியில் நான்கை மட்டும் இணைத்துவிட்டுப் போயிருக்கலாம். இரண்டாவது என்றால் செலவு ஒரு கேபிள் விலைதான்.

பக்கத்தில் நன்றாக இருக்கிறது, மாடியில் மட்டும் செத்துவிடுகிறது என்றால் எத்தனை விலை உயர்ந்த ரவுட்டரும் பெரிதாக உதவாது. மாடிக்கு ஒரு லேன் வயர் இழுத்து, அங்கே ஒரு சின்ன ஆக்சஸ் பாயின்ட் வைப்பதுதான் சரியான தீர்வு. வயர் இழுக்க முடியாதவர்களுக்கு மெஷ் செட். அதற்கும் முன்னால், ரவுட்டரை டிவிக்குப் பின்னாலிருந்தும் ஷோகேஸ் கண்ணாடிக்குள்ளிருந்தும் வெளியே எடுத்து உயரமாக வைத்துப் பார்க்கலாம். காசு செலவில்லாத இந்த வேலையைத்தான் நம்மில் பலர் கடைசியாகச் செய்கிறோம்.

பக்கத்தில் நின்றாலும் வேகம் இல்லை, கேபிளில் மட்டும் வருகிறது என்றால் அது நிஜமாகவே பழைய ரவுட்டர். மூவாயிரம் ரூபாயை ஒட்டிய விலையிலேயே வைஃபை 6 கிடைக்கிறது. இப்போதைக்கு அது தாராளமாகப் போதும்.

வேகத்தைவிடப் பெரிய விஷயம்

2025 மே 7-ம் தேதி அமெரிக்காவின் எஃப்பிஐ ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. லிங்க்சிஸ் இ1200, இ2500 உள்பட, தயாரிப்பாளர்கள் அப்டேட் தருவதை நிறுத்திவிட்ட பழைய ரவுட்டர்களைக் குற்றவாளிகள் கைப்பற்றி, அவற்றை முகமூடியாக வாடகைக்கு விடுகிறார்கள் என்பதுதான் செய்தி. எங்கோ இருக்கும் ஒருவன் செய்யும் மோசடி, உங்கள் வீட்டு ஐபி முகவரியிலிருந்து நடந்ததாகப் பதிவாகும். விசாரணை என்று வந்தால் முதலில் தேடப்படும் பெயர் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. நம் ஊரில் அது பெரும்பாலும் அப்பா பெயர்.

இது புதிதும் அல்ல. 2018 மே மாதம் வெளிவந்த விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் புகுந்திருந்தது. எல்லோரும் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று எஃப்பிஐ பொதுமக்களைக் கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. போனில் வைரஸ் வந்தால் ஏதாவது ஒரு அறிகுறி தெரியும். ரவுட்டரில் ஒன்றும் தெரியாது. விளக்கு பச்சையாகவே எரியும், யூடியூப் ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால், ரவுட்டரின் டிஎன்எஸ் அமைப்பை மட்டும் மாற்றிவிட்டால் போதும், வங்கி முகவரியைச் சரியாக டைப் செய்தாலும் போலிப் பக்கத்துக்குத் திருப்பிவிட முடியும்.

அதனால் ரவுட்டரைத் திருப்பிப் போட்டு அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் பார்ப்பதுதான் முதல் வேலை. மாடல் எண்ணும் வன்பொருள் வெர்ஷனும் அதில் இருக்கும். நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலைத் தேடி, கடைசி ஃபர்ம்வேர் எப்போது வந்தது என்று பாருங்கள். 'எண்ட் ஆஃப் லைஃப்' என்று போட்டிருந்தால் பேச்சே இல்லை, மாற்றிவிட வேண்டும். கடைசி அப்டேட் வந்து மூன்று வருடம் தாண்டியிருந்தாலும் அதைக் கைவிடப்பட்டதாகவே எடுத்துக்கொள்வது நல்லது. அது நொடிக்கு 100 எம்பி கொடுத்துக்கொண்டு ஜம்மென்று ஓடினாலும் சரி. புதிதாக வாங்கும்போது டபிள்யூபிஏ3 இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2020 ஜூலைக்குப் பிறகு வைஃபை சான்றிதழ் பெறும் கருவிகளுக்கு அது கட்டாயம்.

அப்டேட் இன்னும் வருகிறது என்றால் மாற்ற வேண்டாம். அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் டபிள்யூபிஎஸ்ஸையும் அணைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். வீட்டுக் கணினியிலும் போனிலும் சந்தேகம் இருந்தால், மத்திய அரசின் செர்ட்-இன் 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் இலவசக் கருவிகள் உண்டு. பணம் போய்விட்டால் உடனே 1930.

பெட்டி யாருடையது?

இவ்வளவும் செய்ய நினைப்பவருக்கு ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. பல வீடுகளில் ரவுட்டர் நாம் வாங்கியதே அல்ல, இணைப்போடு வந்தது. ஃபைபர் வயர் நேராக அதில்தான் செருகப்படும். அதன் மென்பொருளை நிறுவனம்தான் தூரத்திலிருந்து புதுப்பிக்கும், நம்மால் தொட முடியாது. பெரிய நிறுவனம் என்றால் வாடிக்கையாளர் சேவையிலாவது கேட்கலாம். உள்ளூர் கேபிள் ஆபரேட்டர் கொடுத்த இணைப்பு என்றால்? இடி விழுந்து பெட்டி கருகினால் கேபிள் அண்ணன் மறுநாளே வேறு பெட்டியோடு வந்துவிடுவார். அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால், மென்பொருள் காலாவதியாகிவிட்டது என்று பெட்டியை மாற்ற யாரும் வருவதில்லை. அது அவர் வேலை என்று அவருக்கும் யாரும் சொன்னதில்லை.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. இணையத்தோடு இணையும் வீட்டுக் கருவிகளை விற்பவர்கள், குறைந்தபட்சம் எந்தத் தேதி வரை பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்று சொல்லியாக வேண்டும். எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுப் பாஸ்வேர்டோடு விற்கவும் கூடாது. நம் ஊர்க் கடையில் கிடைக்கும் பெட்டியில் விலை இருக்கும், வாரன்டி இருக்கும், கண்ணைப் பறிக்கும் வேக எண் இருக்கும். அப்டேட் தேதியைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பாலுக்கும் பிரெட்டுக்கும் காலாவதித் தேதி கேட்கும் நாம், வங்கிக் கணக்கே கடந்துபோகும் பெட்டிக்கு அதைக் கேட்டதில்லை.

6 ஜிகாஹெர்ட்ஸைத் திறக்க விதி எழுதிய தொலைத்தொடர்புத் துறைக்கு இந்த ஒரு வரியையும் எழுதுவது பெரிய வேலை அல்ல: கடையில் விற்றாலும் இணைப்போடு கொடுத்தாலும், அப்டேட் எதுவரை என்பதைப் பெட்டியிலும் பில்லிலும் போட வேண்டும், அந்தத் தேதி முடிந்தால் நிறுவனம் கொடுத்த பெட்டியை நிறுவனமே மாற்றித் தர வேண்டும். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் திட்டத்தில் டான்ஃபிநெட் இருக்கிறது. முதன்முதலாகப் பிராட்பேண்ட் வாங்கப்போகும் அந்த வீடுகளில், பெட்டிக்குப் பொறுப்பு யார் என்ற கேள்விக்கு இப்போதே பதில் வேண்டும்.

இன்னொன்று. புது ரவுட்டர் வந்ததும் பழையதை என்ன செய்கிறோம்? தூக்கிப் போட மனசு வராது. "தோட்டத்துல கேமராவுக்கு மாட்டிக்கலாம்" என்று மோட்டார் ரூமுக்குப் போய்விடும். அப்டேட் இல்லாத அதே பெட்டி, வீட்டுக்கு வெளியே, பாஸ்வேர்டு மாற்றாத சிசிடிவி கேமராவோடு, 24 மணி நேரமும் இணையத்தில். கைவிடப்பட்ட ரவுட்டரை வைக்க இதைவிட மோசமான இடம் கிடையாது. பின்பக்க ரீசெட் பட்டனை அழுத்தி அதில் இருக்கும் விவரங்களை அழித்துவிட்டு, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். தோட்டத்துக் கேமராவுக்கு, அப்டேட் கிடைக்கும் சாதாரண 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ரவுட்டர் ஒன்றே போதும்.