ரேகை விழாத விரலுக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

முதியோர் நலனுக்கென்று சர்க்கார் புதிது புதிதாகக் கொண்டுவரும் மின்னணு ஏற்பாடுகளைப் பாராட்டித் தங்கள் பத்திரிகையில் அவ்வப்போது வெளிவரும் செய்திகளைப் படித்துச் சந்தோஷப்படுகிறவர்களில் நானும் ஒருவன். ஆயினும், அந்த ஏற்பாடுகள் யாருடைய சௌகரியத்தை உத்தேசித்துச் செய்யப்பட்டனவோ அவர்களுள் ஒரு பெருங்கூட்டத்தாரை, அவர்கள் ஆயுள் முழுதும் பார்த்த வேலையின் காரணமாகவே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவரும் அநியாயத்தைப் பற்றி எங்கும் ஒரு வார்த்தை வரக் காணாமையால் இதை எழுத நேர்ந்தது.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் அறுபது எழுபது பிராயத்தைக் கடந்த தொழிலாளர் பலருக்கு விரலில் ரேகை இல்லை. அதாவது, இயந்திரத்துக்குப் புலப்படும் அளவில் இல்லை. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் சேர்ந்த மருந்தை அள்ளிச் செலுத்தியும், திரி வைத்தும், சரம் பின்னியும், தீக்குச்சி அடுக்கியும், பெட்டிக்குப் பசை தடவி ஒட்டியும் நாற்பது ஐம்பது வருஷ காலம் தேய்ந்த விரல் நுனியில், முதுமையின் சுபாவத்தால் தோலும் மெலிந்து ஈரப்பசை வற்றிப்போன பிறகு, கண்ணாடித் தகட்டில் பதிவதற்கு மிஞ்சியிருப்பது சொற்பமே. விபத்தில் விரலையே பறிகொடுத்தவர்களையோ, தீப்புண் ஆறிய தழும்போடு நடமாடுகிறவர்களையோ நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நேர்ந்த தீவிபத்தை அறிந்தவர்களுக்கு அப்படிப்பட்டவர்களைப் பற்றி விஸ்தரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தேய்மானம் நேற்று வந்ததன்று. 1922இல் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இட்ட அடித்தளத்தின்மேல் இந்த மழை பொய்த்த பூமி செல்வத்தைத் தேடிக்கொண்டது உண்மை. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அச்செல்வத்தை ஈட்டித் தந்த கைகளில் கணிசமானவை குழந்தைகளின் கைகள். பிள்ளைகளை அபாயத் தொழில்களில் அமர்த்துவதை விரிவாகத் தடுக்கும் சட்டம் 1986இல்தான் வந்தது. சிவகாசிச் சிறுவர்களைப் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996 டிசம்பரில். ஆகவே, இன்று எழுபது வயதாகும் ஒரு மாது, சட்டமும் தீர்ப்பும் எட்டிப் பார்ப்பதற்கு வெகு காலம் முன்பே, பத்து வயதுச் சிறுமியாகத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகத் தொடங்கியிருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் சிலேட்டுப் பிடித்திருக்க வேண்டிய விரல்களைத் தேய அனுமதித்த சர்க்கார், அந்த விரல்களையே இன்று சாட்சி சொல்லக் கூப்பிட்டு, சாட்சி பேசவில்லை என்று வழக்கைத் தள்ளுகிறது.

எதெல்லாம் இந்த ரேகையில் தொங்குகிறது என்று பாருங்கள். 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டம் நம் மாநிலத்தில் அமலுக்கு வந்தது முதல் ரேஷன் கடையில் விரல் வைக்க வேண்டும். மாதம் 1200 ரூபாய் முதியோர் உதவித் தொகையை ஊருக்குள் வரும் வங்கிப் பிரதிநிதியிடம் பெறவும் விரல் வைக்க வேண்டும். வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்திருந்து ஓய்வு பெற்ற தொழிலாளர், 2014 முதல் குறைந்தபட்சம் 1000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டு அந்த அளவிலேயே நின்றுபோன ஓய்வூதியத்தைத் தொடர்ந்து பெறுவதற்கு, தாம் உயிரோடிருப்பதை வருஷத்துக்கு ஒரு முறை நிரூபித்தாக வேண்டும். அதற்கும் இ-சேவை மையத்தில் விரலைத்தான் நீட்டச் சொல்கிறார்கள். ஆள் எதிரே நின்று பேசிக்கொண்டிருக்கையில் அவர் உயிரோடிருப்பதை ஒப்புக்கொள்ளாத இயந்திரத்தின் விநோதத்தை என்னவென்பது!

எங்கள் பகுதிக் கடை ஒன்றில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஒரு மூதாட்டி பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஈரத் துணியால் துடைத்து வைத்தார். தலையில் தடவிய எண்ணெயைத் தொட்டும் வைத்தார். "ரேகை விழல பாட்டி, பேத்தியைக் கூட்டிக்கிட்டு நாளைக்கு வாங்க" என்றார் சிப்பந்தி. பேத்தி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள் என்று பாட்டி சொன்னதற்கு அவரிடம் பதில் இல்லை. "அப்படியானால் ஆதாரைப் புதுப்பித்துக்கொண்டு வாருங்கள்" என்பதும் வழக்கமாகச் சொல்லப்படும் யோசனைதான். தேய்ந்துபோன ரேகையைப் புதிதாகப் பதிந்தாலும் தேய்ந்த ரேகைதானே பதிவாகும் என்ற சாமானிய விவேகம் இந்த யோசனைக்காரர்களுக்குத் தோன்றுவதில்லை. சிப்பந்தியைக் குறை சொல்ல நான் வரவில்லை. இயந்திரம் ஒப்பாமல் ஒரு கிலோ பருப்பை எடுத்துக் கொடுத்தால் தணிக்கையில் தம் தலைதான் உருளும் என்று அவர் அஞ்சுகிறார். அந்த அச்சத்தைப் போக்க வேண்டியவர்கள் அவருக்கு மேலே இருக்கிறார்கள்.

ஏனெனில், விதியில் வழி இல்லாமல் இல்லை. ரேகை விழாவிட்டால் பதிவு பெற்ற கைபேசிக்கு வரும் ஓடிபியைக் கொண்டும், குடும்ப அட்டையை ஸ்கேன் செய்தும் பொருள் வழங்கலாம். நடமாட முடியாத முதியவர் தம் சார்பில் ஒருவரை நியமித்து எழுதிக் கொடுக்கவும் படிவம் உண்டு. ரேகை பொருந்தாததைக் காரணமாகக் காட்டி உணவுப் பொருளை மறுக்கக் கூடாதென்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. 2018 செப்டம்பர் 26ஆம் தேதி ஆதார் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், அடையாளச் சோதனை தவறியதால் உரியவர்க்கு உதவி மறுக்கப்படலாகாது என்ற நிலையையே ஏற்றது. 2016-17ஆம் ஆண்டின் மத்திய சர்க்கார் பொருளாதார ஆய்வறிக்கை, இந்தச் சோதனை ஜார்க்கண்டில் நூற்றுக்கு 49 வரையும் ராஜஸ்தானில் 37 வரையும் தோல்வியுற்றதாக மதிப்பீடுகள் இருப்பதைத் தானே எடுத்துச் சொல்லியிருந்தது. ஆக, குறை மேலிடத்துக்குத் தெரியும், பரிகாரமும் எழுதப்பட்டிருக்கிறது. தாயில்பட்டியிலும் ஏழாயிரம்பண்ணையிலும் வரிசையில் நிற்கும் கிழவிக்குத்தான் அது தெரியாது. அவருக்குத் தெரியும்படி எழுதி ஒட்டப்பட்ட ஒரு பலகையை இந்நாள் வரை நான் எங்கும் கண்டேனில்லை.

இயந்திரத்தின்மேல் எனக்குத் துவேஷம் இருப்பதாக யாரும் எண்ணவேண்டாம். நூற்றுக்கு 13.6 பேர் அறுபதைக் கடந்தவர்களாக 2021இலேயே கணிக்கப்பட்ட மாநிலம் இது. 2031இல் அது 18.2 ஆகும் என்கிறார்கள். இத்தனை முதியவர்களையும் பேரேட்டையும் கார்பன் தாளையும் வைத்துக்கொண்டு பராமரிக்க முடியாது என்பதை நான் அறிவேன். 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் தொண்டர் ஒருவர் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்து, விவரத்தைச் செயலியில் ஏற்றிக்கொண்டு போகிறார். செயலியோடு மல்லுக்கட்டுவது அவர் பொறுப்பு, நோயாளியின் பொறுப்பன்று. முதியோரின் வீட்டுக்கே ரேஷன் பொருளைக் கொண்டுசெல்லும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்ததும் இந்த வழியிலான நல்ல காரியமே. வண்டி வாசலுக்கு வந்த பிறகும் ரேகை விழவில்லையென்று மூட்டை திரும்பிப் போகாமலிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு முன்மாதிரி தேடி அயல்தேசம் போக வேண்டியதுமில்லை. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பின்னும் அந்த விரல்களாலேயே கண் அறுவைச் சிகிச்சை செய்யப் பழகிக்கொண்ட டாக்டர் கோ. வெங்கடசாமி, சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிற்பாடு, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்த ஸ்தாபனம் 2004 முதல் கிராமங்களில் கண் பார்வை மையங்களை ஏற்படுத்தி, பயிற்சி பெற்ற பெண்கள் முதியவரின் கண்ணைப் பரிசோதித்துப் படமெடுத்து அனுப்ப, தூரத்து ஆஸ்பத்திரியிலிருக்கும் வைத்தியர் திரை வழியே நோயாளியோடு பேசி முடிவு சொல்லும் முறையை நடத்திவருகிறது. கண் தெரியாதவரைக் கைபேசியைப் பார்க்கச் சொல்லவில்லை அவர்கள். இயந்திரத்துக்கும் கிழவருக்கும் நடுவே, இரண்டையும் அறிந்த ஒரு மனுஷியை உட்காரவைத்தார்கள். கோணிய விரல்களை உடைய மனிதர் மதுரையில் செய்து காட்டியதை, தேய்ந்த விரல்களை உடையவர்களுக்காக விருதுநகர் ஜில்லாவில் செய்ய முடியாதென்று எந்த அதிகாரி சொல்லப் போகிறார்?

விரலுக்குப் பதிலாகக் கருவிழியையும் முகத்தையும் காட்டும் முறைகள் வந்துவிட்டனவே என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். வந்திருப்பது மெய்தான். ஓய்வூதியக்காரரின் ஆயுட்சான்றுக்கு முகத்தைக் காட்டும் வசதி 2021 நவம்பரில் தொடங்கியது. தபால்காரரே வீட்டுக்கு வந்து சான்றைப் பதிந்து தரும் ஏற்பாடு அதற்கும் ஓராண்டு முந்தியது. ஆனால் கண்புரை முற்றியவருக்குக் கருவிழியும் கைவிடக்கூடும். முகத்தைக் காட்டுவதற்கோ நல்ல கைபேசியும் தடைபடாத சிக்னலும், அதைப் பிடித்துக்கொள்ள ஒரு பேரப்பிள்ளையும் வேண்டும். ஒரு வழி அடைபட்டால் மறு வழியை உடனே திறந்துவிட வேண்டியவர் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கும் கிழவர் அல்லர், அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் உத்தியோகஸ்தர்.

ஆகையால் மாவட்ட ஆட்சித் தலைவரையும் உணவுப் பொருள் வழங்கல் துறையினரையும் நான் கேட்டுக்கொள்வது இது. அறுபது வயதைக் கடந்த ஒருவருக்கு ரேகை விழவில்லையென்றால், மாற்று வழியில் அன்றைக்கே பொருளோ பணமோ சான்றோ கொடுத்தனுப்ப வேண்டும் என்றும், அப்படிக் கொடுத்ததற்காக எந்தச் சிப்பந்தி மீதும் தணிக்கையில் குறை எழுதக் கூடாதென்றும் தெளிவான உத்தரவு பிறப்பிக்க வேண்டும். அதைப் பெரிய எழுத்தில் ஒவ்வொரு கடையிலும் இ-சேவை மையத்திலும் ஒட்டிவைக்க வேண்டும். அதையும் மீறி ஒருவரைத் திருப்பி அனுப்பினால், காரணத்தையும் தேதியையும் எழுதிக் கையொப்பமிட்ட சீட்டொன்றை அவர் கையில் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டு இருந்தால்தான் மேல்முறையீட்டுக்கு ஏதேனும் அர்த்தம் உண்டு. சோதனை தவறியதை எல்லாம் கணினி கணக்கில் வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைத் தாலுகா வாரியாக மாதந்தோறும் பகிரங்கப்படுத்தினால், பட்டாசு வட்டாரத்து விரல்களின் நிலை என்னைப் போன்றவர்கள் கடிதம் எழுதாமலே நாட்டுக்குத் தெரியவரும். இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை, பெருஞ்செலவும் இல்லை. வரும் தீபாவளிக்கு முன்பாகவே இவ்வுத்தரவைப் பிறப்பிக்குமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகன்,
திருத்தங்கல்.