சத்தமில்லாமல் நகரும் பூமி

சகோதரிகளே, பூமியதிர்ச்சி என்றதும் நமக்கு நினைவு வருவது 2004 டிசெம்பர் 26. ஹட்டன், நுவரெலியாவுக்கு அலை வரவில்லை. ஆனால் கலவரங்களுக்குப் பின் வன்னிக்குப் போன உறவுகளை நினைத்து இங்கும் லயங்கள் தவித்தன.

அன்று சுமாத்திராவுக்கு அருகே, கடலடியில் சிக்கிக்கிடந்த பாறைத்தட்டு ஒரேயடியாக நழுவியது. இதே நழுவல் நாட்கணக்காக, ஆண்டுக்கணக்காக மெதுவாகவும் நடக்கும். மேலே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. இதுவே மெதுவான பூமியதிர்ச்சி.

சுமாத்திராவின் சிமெலுவே தீவில் இதற்குச் சாட்சி முருகைக்கற்கள். கடல்மட்டத்துக்கு மேலே முருகை வளராது. அதனால் நிலம் தாழ்ந்ததும் உயர்ந்ததும் அதன் வளர்ச்சி வளையங்களில் பதிந்துவிடும், நம் தேயிலை மரத்தில் கவ்வாத்து வெட்டின தழும்பு நிற்பதுபோல. அவற்றைப் படித்த ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட செய்தி வியப்பானது: அங்கே தட்டு 1829 முதல் 32 ஆண்டுகள் மெதுவாக நழுவியது. 1861இல் பேரதிர்ச்சி வந்தது.

மெல்ல நழுவினால் அழுத்தம் குறையுமே, நல்லதுதானே? அந்த இடத்தில் குறையும். பக்கத்தில் சிக்கியிருக்கும் இடத்தில் கூடலாம். யப்பானில் 2011 பேரதிர்ச்சிக்கு முன்னும் இத்தகைய நழுவல் பதிவானது. ஆனால் பல நழுவல்கள் எதுவும் நடக்காமலே அடங்கியும் இருக்கின்றன. ஆகவே பூமியதிர்ச்சிக்கு நாள் குறித்துச் சொல்பவரை நம்பாதீர்கள்.

மழைக்காலத்தில் லயத்துச் சுவரோ தரையோ புதிதாக வெடித்தால் அது வேறு விடயம். மலைச்சரிவு நகர்கிறது என்று பொருள். பிள்ளைகளோடு உடனே வெளியேறி, கிராம சேவகருக்கு அறிவியுங்கள்.