ஏலம் ரத்து சரி, சட்டம் ரத்தாகவில்லையே!



நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலத்தை 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ரத்து செய்தது. அதே மாதம் 7-ம் தேதி மேலூரிலிருந்து மதுரைக்கு நடந்த கால்களுக்குக் கிடைத்த வெற்றி அது. ஆனால் இப்போது சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால், "அதான் முடிஞ்சு போச்சே, செயலாளரே" என்கிறார்கள். எது முடிஞ்சது?

2,015 ஹெக்டேர். ஏறத்தாழ 5,000 ஏக்கரை நமக்குத் தெரியாமலே ஏலம் போட்டு, 2024 நவம்பர் 7-ல் ஏலம் எடுத்தவர் பெயரை அறிவித்தார்கள். நாம் கொந்தளித்ததும், டிசம்பர் கடைசியில், அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை சொன்னார்கள். பல்லுயிர்ப் பகுதி என்பது சுமார் 193 ஹெக்டேர்தான். அப்படியானால் மிச்சமுள்ள ஊர்களில் இருப்பவன் உயிரில்லையா?

சுரங்கம் என்றால் குழி மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். குழியை விட மோசமானது அதற்குப் பிறகு நடக்கும் வேலை. டங்ஸ்டன் தாதுவில் பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்கு கூட உலோகம் இருக்காது. பாறையை வெடி வைத்து உடைத்து, மில்லில் மாவாக அரைத்து, தண்ணீரும் ரசாயனமும் விட்டு அலசித்தான் பிரித்தெடுக்க வேண்டும். 100 மூட்டை அரைத்தால் ஒரு மூட்டை கூடத் தேறாது. மிச்சம் 99 மூட்டையும் சேறாக இங்கேயேதான் கிடக்கும். உலோகம் லாரி ஏறிப் போய்விடும். அலசுகிற தண்ணீர் எங்கிருந்து வரும்? பெரியாறு கால்வாயில் ஒருபோகத்துக்கே முறை வைத்துப் பாய்ச்சுகிறோம். மலையில் விழுகிற மழை சுனையிலும் கண்மாயிலும் தங்கினால்தான் கிணறு ஊறும்.

கோலார் தங்கவயலைப் பாருங்கள். நம் வட ஆற்காட்டுச் சனம் போய் ரத்தம் சிந்திய மண். 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். அரைத்துக் கொட்டிய சயனைடு மண்மேடு மூடப்படவில்லை. இன்றைக்கும் குன்று குன்றாக நிற்கிறது. காற்றடித்தால் வீட்டுக்குள் வருகிறது.

நாட்டுக்கு டங்ஸ்டன் வேண்டாமா என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். வேண்டும்தான். நம்ம போர் வண்டியின் துளைக்கும் முனையிலேயே அது இருக்கிறது. நாம் உலோகத்தை எதிர்க்கவில்லை. நிலத்துக்காரனைக் கேட்காமல் நிலத்தை ஏலம் விடுவதை எதிர்க்கிறோம்.

கேட்காமல் விடத்தான் வழி செய்திருக்கிறார்கள். 2023-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் உட்பட 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை டெல்லி எடுத்துக்கொண்டது. நாம் ஜெயித்த எட்டாவது மாதம், 2025 செப்டம்பர் 8-ல், இத்தகைய கனிமச் சுரங்கத்துக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் குறிப்பாணை போட்டது. வாயைத் திறக்க இருந்த ஒரே மேடையும் போச்சு.

மாநில அரசுக்கும் ஒரு வார்த்தை. சட்டமன்றத்தில் 2024 டிசம்பர் 9-ல் தீர்மானம் போட்டீர்கள், நன்றி. டெல்டாவுக்கு 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தாமிர உருக்காலை, இரும்புத்தாது ஆலை எல்லாவற்றையும் தடுக்கிறது. பெரியாறு பாசனத்தில் விளைவதும் நெல்தானே? மேலூரையும் அந்தச் சட்டத்தில் சேருங்கள்.

அடுத்த கிராம சபையில் இந்தக் கோரிக்கையையும், குறிப்பாணையைத் திரும்பப் பெறக் கோரியும் ஒவ்வொரு ஊரிலும் தீர்மானம் போட வேண்டும். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, நகல் வாங்கிக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள்.