28 வருஷம் கழிச்சு தீர்ப்பு, 5 மாசத்துக்குள்ள பரோல்: அபயா வழக்கில் நாம எந்தப் பக்கம்?



“பேரறிவாளனுக்குப் பரோல் கேட்டு போஸ்டர் ஒட்டினவங்கதானே நீங்க? இப்போ இன்னொருத்தருக்குப் பரோல் கொடுத்தா மட்டும் ஏன் எரியுது?” சிஸ்டர் அபயா வழக்கைப் பத்தி எப்போ பேசினாலும் இந்தக் கேள்வி வந்துடும். எதிர்முகாம்ல இருந்து வருதுன்னு ஒதுக்கிடாதீங்க, நியாயமான கேள்விதான். வாட்ஸ்அப் ஃபார்வேர்டு மாதிரி ரெண்டு வரியில பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் நீளமா எழுதுறேன், முழுசா படிங்க.

முதல்ல வழக்கு. நம்ம பசங்க நிறைய பேர் அப்போ பிறக்கவே இல்ல.

1992 மார்ச் 27. கேரளாவுல கோட்டயம், பத்தாம் பயஸ் கான்வென்ட் விடுதி. அபயா அங்கே தங்கி ப்ரீ-டிகிரி படிச்ச இளம் கன்னியாஸ்திரி. பரீட்சைக்குப் படிக்க விடியக்காலை எழுந்தவர், சமையலறைப் பக்கம் போனார். திரும்பி வரல. பிறகு விடுதிக் கிணற்றில் உடலாகத்தான் கிடைத்தார். சமையலறையில் தண்ணீர் பாட்டில், செருப்பு, முக்காடு எல்லாம் ஒழுங்கில்லாமல் கிடந்தன. படம் எடுக்க வந்த புகைப்படக்காரர், கழுத்தில் நகக்கீறல் பார்த்ததாகப் பின்னாளில் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்.

லோக்கல் போலீஸ் சொன்னது: தற்கொலை. கிரைம் பிராஞ்ச் சொன்னதும் அதேதான். அவர் உடுத்தியிருந்த துணி, டைரி மாதிரியான முக்கியத் தடயங்கள் அழிக்கப்பட்டன. 1993இல் வழக்கு சிபிஐ கைக்குப் போச்சு. இது கொலைன்னு முடிவுக்கு வந்த சிபிஐ அதிகாரி, தற்கொலைன்னு எழுதச் சொல்லி மேலிடம் நெருக்குதுன்னு குற்றம்சாட்டி, வேலையை விட்டே வெளியே வந்தார். ஒரு அதிகாரி தன் சர்வீஸையே தூக்கிப் போட்டுட்டு வர்றார்னா அழுத்தம் எவ்வளவு இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

அதுக்கப்புறம் சிபிஐ என்ன பண்ணுச்சு? வழக்கை மூடிக்கிறோம்னு நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்துச்சு. ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்ப. ஒவ்வொரு தடவையும் எர்ணாகுளம் நீதிமன்றம் ஏத்துக்கல, மறுபடி விசாரின்னு திருப்பி அனுப்புச்சு. வெளியில் ஜோமோன் புத்தன்புரைக்கல் என்ற ஒரு சமூகச் செயற்பாட்டாளர் ஆக்‌ஷன் கவுன்சில் அமைச்சு மனு மேல மனுவா போட்டுக்கிட்டே இருந்தார். 2008 நவம்பரில்தான் முதல் கைது. 2009இல் குற்றப்பத்திரிகை. 2019 ஆகஸ்ட்டில்தான் விசாரணையே தொடங்குச்சு. நடுவுல, 2016ல, அபயாவோட அப்பாவும் அம்மாவும் சில மாத இடைவெளியில் இறந்துட்டாங்க. தீர்ப்பைப் பார்க்க ரெண்டு பேருமே இல்ல.

இந்த வழக்கில் உறுதியா நின்ற சாட்சி யார் தெரியுமா? அந்த ராத்திரி இடிதாங்கியில இருந்த செம்பைத் திருட விடுதிக்குள்ள ஏறின ஒருத்தர். தான் பார்த்ததை அவர் சொன்னார். கொலையை நீயே ஏத்துக்கோன்னு அடிச்சாங்க, காசு தர்றோம்னு ஆசை காட்டினாங்கன்னும் சொன்னார். படிச்சவங்க, பதவியில இருந்தவங்க சிலர் நீதிமன்றத்துல பிறழ் சாட்சியா மாறினப்போ, காலனியில் வாழ்ந்த அந்த மனுஷன் மட்டும் சொன்ன சொல்லை மாத்தல.

2020 டிசம்பர் 22. திருவனந்தபுரம் சிபிஐ சிறப்பு நீதிமன்றம் ஒரு பாதிரியாரையும் ஒரு கன்னியாஸ்திரியையும் குற்றவாளிகள்னு அறிவிச்சது. மறுநாள் ஆயுள் தண்டனை. 28 வருஷம் 9 மாசம்.

இப்போ பரோலுக்கு வருவோம். 2021 மே மாசம், கொரோனா ரெண்டாவது அலை. சிறைகளில் நெரிசலைக் குறைக்கச் சொல்லி மே 7 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. முந்தைய ஆண்டு இதே காரணத்துக்காகப் பரோலில் போய் வந்தவங்களுக்கு மறுபடி 90 நாள் கொடுக்கலாம், மத்தபடி யாரை விடலாம்னு மாநிலத்துக்கு ஒரு உயர்நிலைக் குழு முடிவு பண்ணட்டும்னு ஏற்பாடு. மனிதாபிமானமான உத்தரவு. அதுல நமக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா அதே வாரத்திலேயே அபயா வழக்கில் தண்டனை பெற்ற ரெண்டு பேரும் 90 நாள் பரோலில் வெளியே வந்தாங்க. தண்டனை ஆரம்பிச்சு 5 மாசம்கூட முடியல. முந்தைய ஆண்டு கொரோனா பரோல் கொடுத்தப்போ இவங்க தண்டனைக் கைதிகளே கிடையாது. அப்போ எந்தப் பிரிவில் வந்தாங்க? உயர்நிலைக் குழு இவங்களைப் பரிந்துரைக்கவே இல்லைங்கிறது ஜோமோனோட வாதம். அதைச் சொல்லித்தான் உயர் நீதிமன்றத்துக்கே போனார். ஒரு தனி மனுஷன் கோர்ட் படி ஏறிக் கேட்க வேண்டிய கேள்வியா இது? உத்தரவுலேயே எழுதியிருக்க வேண்டாமா?

அப்போ கேரளாவில் ஆட்சி யார்கிட்ட இருந்துச்சு, அவங்க நமக்கு நண்பரா எதிரியான்னு கணக்கு போட்டு எழுதுற விஷயம் இல்ல இது. இன்னொண்ணு, பாதிரியார், கன்னியாஸ்திரின்ன உடனே “பாத்தீங்களா அந்த மதத்தை”ன்னு ஒரு கூட்டம் மீம் போட கிளம்பும். அவங்களுக்கு லைக் போடாதீங்க. செத்துப்போன பொண்ணும் அதே மதம்தான், நீதி கேட்டு அலைஞ்ச பெத்தவங்களும் அதே மதம்தான்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். 2022 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் மேல்முறையீடு முடியும்வரை ரெண்டு பேரோட தண்டனையையும் நிறுத்தி வச்சு ஜாமீன் கொடுத்துச்சு. பலர் இதையும் பரோலையும் போட்டுக் குழப்புறாங்க. இது பரோல் இல்ல. திறந்த நீதிமன்றத்தில், ரெண்டு தரப்பு வக்கீலையும் கேட்டு, சாட்சியங்கள் மேல தங்களுக்கு வந்த சந்தேகத்தை நீதிபதிகள் காரணமா எழுதி, நிபந்தனையோட கொடுத்த உத்தரவு. நமக்குப் பிடிக்காமப் போகலாம். ஆனா படிக்கலாம், எதிர்த்து மேலே போகலாம். 2021 பரோலை அப்படிப் படிச்சு எதிர்க்க முடிஞ்சுதா?

“குற்றவாளிக்கு என்ன உரிமை, தூக்குல போடு”ன்னு சொல்ற கோஷ்டியோடயும் நாம சேர முடியாது. இதே வழக்கில் அந்தக் கன்னியாஸ்திரிக்கு 2008இல் கன்னித்தன்மைப் பரிசோதனை பண்ணாங்க. அது அரசியலமைப்புக்கு விரோதம்னு 2023 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவரா இருந்தாலும் ஒரு பெண்ணோட உடம்பு மேல அரசு அப்படிக் கை வைக்க முடியாது. பெரியார் மண்ணில் இருந்து இதை நாம சத்தமாவே சொல்லணும்.

பரோலும் அப்படித்தான். அது சலுகை, கருணைன்னு பேசுறது தப்பு. கைதி குடும்பத்தோட தொடர்பு அறுந்து போகாம இருக்கணும், வெளியுலகத்தோட பழகணும், திருந்தி வர வழி இருக்கணும்னு 2017இல் அஸ்ஃபாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கமாவே எழுதியிருக்கு. சமூகத்தோட பாதுகாப்பையும் சேர்த்துப் பார்க்கணும்னும் அதே தீர்ப்பு சொல்லுது.

இனி பேரறிவாளன். 1991 ஜூனில் கைதானப்போ வயசு 19. முதல் பரோல் எப்போ கிடைச்சது? 2017 ஆகஸ்ட்டில். 26 வருஷம் கழிச்சு, உடம்பு முடியாத அப்பாவைப் பார்க்க ஒரு மாசம். அதுக்கு அற்புதம் அம்மாள் ஏறாத வாசல் இல்ல. அங்கே 26 வருஷம், இங்கே 5 மாசம். ரெண்டுக்கும் இடையில எந்த அளவுகோல் இருக்கு? நாம அன்னைக்கும் “தகுதி இருந்தும் ஏன் மறுக்கிறீங்க, காரணத்தைச் சொல்லுங்க”ன்னுதான் கேட்டோம். இன்னைக்கும் அதே கேள்விதான், “எந்தத் தகுதியில கொடுத்தீங்க, காரணத்தைச் சொல்லுங்க.”

இதுல நமக்கே கசக்குற ஒரு பகுதி இருக்கு. அதையும் சொல்லிடறேன். ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோட செத்துப்போன காவலர்கள், பொதுமக்கள் இருந்தாங்க. அவங்க குடும்பங்கள் எழுவர் விடுதலையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனாங்க. நம்ம ஆட்களில் சிலர் அவங்களை ஏதோ கட்சிக்காரங்க தூண்டிவிட்ட கூட்டம்னு கிண்டல் பண்ணினாங்க. அது தப்பு. அவங்க சொல்றதைக் கேட்டிருக்கணும், கேட்டுட்டும் விடுதலைதான் நியாயம்னு நாம வாதாடியிருக்கலாம். நம்ம வாதத்துக்கு அந்த பலம் இருந்துச்சு.

ஏன்னா பாதிக்கப்பட்டவங்களை யாரும் கேக்குறதே இல்லைங்கிறதுதான் இதுல பெரிய ஓட்டை. 2022 ஆகஸ்ட் 15 அன்று பில்கிஸ் பானு வழக்குக் குற்றவாளிகள் 11 பேரை குஜராத் அரசு விடுதலை பண்ணினப்போ, தன்னோட பாதுகாப்பைப் பத்திக்கூட யாரும் தன்னிடம் கேக்கலன்னு அவர் அறிக்கை விட்டார். அது பரோல் இல்ல, தண்டனைக் குறைப்பு. 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. ஆனா நோய் ஒண்ணுதான். லக்கிம்பூர் கேரியில் விவசாயிகள் மேல கார் ஏறின வழக்கில், பாதிக்கப்பட்டவங்களுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் தங்கள் தரப்பைச் சொல்ல உரிமை உண்டுன்னு 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. ஜாமீனுக்குப் பொருந்துறது பரோலுக்கு ஏன் பொருந்தாது?

கேரளாவைப் பத்தி மட்டும் பேசிட்டு நிறுத்தினா நாம யோக்கியர்கள் இல்ல. நம்ம மாநிலத்தில் பரோலை “விடுப்பு”ன்னு சொல்றோம், 1982ஆம் ஆண்டு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் அதுக்கு அடிப்படை. அவசர விடுப்பு, சாதாரண விடுப்புன்னு ரெண்டு வகை. சாவு, கடும் நோய், கல்யாணம்னா அவசர விடுப்பு. காசு, வக்கீல், செல்வாக்கு இல்லாத கைதியோட மனு எந்த மேசையில தூங்குதுன்னு வீட்டில் இருக்கிறவங்களுக்குத் தெரியாது. ரேஷன் கார்டு மனு எந்த நிலையில இருக்குன்னு ஃபோன்ல பார்க்க முடியுது. அம்மா சாவுக்கு மகனை அனுப்புவாங்களா மாட்டாங்களான்னு மட்டும் ஏன் பார்க்க முடியாது?

பரோல் மனு வந்த தேதி, முடிவு வந்த தேதி, எந்த விதியின் கீழ், என்ன காரணம், இவ்வளவும் ஆன்லைனில் இருக்கணும். கொலை, பாலியல் வன்முறை வழக்குன்னா பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு முன்கூட்டியே தகவல் போகணும், அவங்க ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க நாள் தரணும். அவங்க வேண்டாம்னு சொன்னா பரோல் கிடையாதுன்னு அர்த்தம் இல்ல, அவங்க சொன்னதுக்கும் உத்தரவுல ஒரு வரி பதில் இருக்கணும். அவ்ளோதான். இந்தக் கோரிக்கையை மனுவா எழுதி ஐடி விங் சார்பா தலைமைக்கு அனுப்பியிருக்கோம்.

அதுக்குத் தரவு வேணும், தோழர்களே. உங்க ஊர்ல விடுப்பு மனு போட்டு மாசக்கணக்கா பதில் வராத கைதியோட குடும்பம் இருந்தா, இல்ல, தன் வீட்டுப் பிள்ளையைக் கொன்னவன் வெளியே வந்ததைத் தெருவுல பார்த்துத் தெரிஞ்சுக்கிட்ட குடும்பம் இருந்தா, மாவட்ட ஐடி விங் பொறுப்பாளரிடம் சொல்லுங்க. கமென்ட்ல பேரு, ஊரு, வழக்கு நம்பர் போட வேண்டாம். இன்பாக்ஸ் போதும்.

#சிஸ்டர்அபயா #பரோல்_வெளிப்படைத்தன்மை