நோயாளித் தாய்க்குத் துணை எங்கே?

பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் கிராமங்களில் சொல்வார்கள். உடம்பில் ஏற்கெனவே ஒரு நோயைச் சுமந்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு இது வெறும் பேச்சல்ல, கண்கூடான உண்மை. பஞ்சுத் தூசியில் இழுப்பு முற்றிய மில் தொழிலாளிப் பெண். ரத்தசோகையோடு சேற்றில் குனிந்து நாற்று நடும் விவசாயக் கூலிப் பெண். ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை விழுங்கிக்கொண்டு ஷிப்டுக்குப் போகும் பெண். இவர்கள் வலி கண்டு பிரசவ அறைக்குள் போகும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள்? இதுவே நாம் எழுப்பும் கேள்வி.

சட்டதிட்டங்களுக்குக் குறைவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறும் பெண் தன்னோடு ஒரு துணையை வைத்துக்கொள்ளலாம் என்று தமிழ்நாட்டில் 2004இலேயே திட்டம் வந்துவிட்டது. மத்திய சர்க்காரும் 2016 பிப்ரவரியில் எல்லா மாநிலங்களுக்கும் இதைச் சொல்லிற்று. துணைக்கு வருபவள் பிள்ளை பெற்ற அனுபவமுள்ள பெண்ணாக இருக்க வேண்டும், தொற்றுநோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடை உடுத்த வேண்டும், வைத்தியத்தில் குறுக்கிடக் கூடாது என்று முறைகளும் வகுத்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 2018இல், பிரசவ காலம் முழுவதும் தாய் விரும்பும் ஒருவர் கூட இருக்க வேண்டும், இது எல்லாத் தாய்மாருக்கும் பொருந்தும் என்று பரிந்துரைத்தது.

ஆனால் அறை வாசலில் நடப்பது என்ன? இடமில்லை என்பார்கள், கூட்டம் என்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "இது சிக்கலான கேஸ், வெளியே நில்லுங்கள்" என்பார்கள். நோயில்லாத பெண்ணுக்குக் கிடைத்தாலும் கிடைக்கும் துணை, நோயுள்ள பெண்ணுக்கு நோயைக் காரணம் காட்டியே மறுக்கப்படுகிறது! யாருக்கு முதலில் கொடுக்க வேண்டுமோ, அவளிடமிருந்து முதலில் பறிக்கிறார்கள். இது என்ன நியாயம்?

துணை என்றால் வெறும் ஆறுதல் பேச்சு என்று நினைப்பவர்களும் உண்டு. மேல்நாடுகளில் இதைத் தொழிலாகவே பயின்று செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களை 'டூலா' என்கிறார்கள். பணிப்பெண் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. டூலா வைத்தியம் பார்ப்பதில்லை, தொப்புள்கொடி அறுப்பதில்லை. வலி தொடங்கியது முதல் குழந்தை பிறக்கும் வரை தாயை விட்டு நகராமல் நிற்பதே அவள் வேலை. இடுப்பைப் பிடித்துவிடுவாள், தண்ணீர் கொடுப்பாள், நடக்க வைப்பாள், நடப்பது என்ன என்று எடுத்துச் சொல்வாள்.

இதன் பலனை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் 412 தலைப்பிரசவப் பெண்களிடம் நடந்த ஆராய்ச்சி 1991இல் வெளிவந்தது. துணை இல்லாத பெண்களில் 100க்கு 18 பேருக்கு வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்க நேர்ந்தது. இடைவிடாத துணை இருந்தவர்களில் 100க்கு 8 பேருக்குத்தான். நம் மாநிலத்தில் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 ஆபரேஷன். தனியார் ஆஸ்பத்திரிகளில் அது 60ஐயும் தாண்டுகிறது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஹூஸ்டன் கணக்கைப் படிக்க வேண்டும்.

ஹூஸ்டன் பெண்கள் நோயில்லாதவர்கள். நீண்டகால நோயுள்ள பெண்ணுக்குத் துணை இன்னொரு காரியமும் செய்கிறது. வலியில் துடிப்பவளால் தன் நோயின் சரித்திரத்தைச் சொல்ல முடியாது. அவளுக்காகச் சொல்ல ஒரு வாய் வேண்டும்.

இழுப்பு நோயை எடுத்துக்கொள்வோம். பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்காவிட்டால் போடும் ஊசிகளில் ஒன்று கார்போப்ராஸ்ட். இழுப்பு உள்ளவளுக்கு அது மூச்சை அடைத்துவிடும். எர்கோமெட்ரின் என்ற இன்னொரு ஊசி ரத்தக் கொதிப்பு உள்ளவளுக்கு ஆகாது. வேறு மருந்து இருக்கிறது. ஆனால் நோய் இன்னது என்று டாக்டருக்குத் தெரிந்தால்தானே? நள்ளிரவில், முகம் தெரியாத ஆஸ்பத்திரிக்கு, அட்டையும் இல்லாமல் கொண்டுவரப்பட்ட பெண்ணின் உயிர், "இவளுக்கு இழுப்பு உண்டு" என்று சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருப்பதைப் பொறுத்திருக்கிறது.

வலிப்பு நோய்க்காரிக்கு இரவெல்லாம் தூக்கம் கெட்டு, வழக்கமான மாத்திரையும் தவறினால் வலிப்பு வரலாம். மாத்திரையை நேரத்துக்கு நினைவூட்ட ஆள் வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெண்ணுக்கு நஞ்சு விழுந்ததும் அந்த மருந்தின் தேவை சட்டென்று குறைகிறது. பழைய அளவே போட்டால் சர்க்கரை இறங்கி வியர்த்து நடுங்குவாள். சிறு வயதில் நெருக்கடியான குடியிருப்பில் வந்த மூட்டுக் காய்ச்சலால் இருதய வால்வு சுருங்கிய பெண்ணுக்கு, குழந்தை பிறந்த பிறகுதான் பெரிய கண்டம். கருப்பைக்குப் போன ரத்தம் உடம்புக்குத் திரும்ப, இருதயம் தாங்காமல் மூச்சு முட்டும். ரத்தக் கொதிப்பு உள்ளவளுக்குப் பிரசவம் முடிந்து சில நாள் கழித்தும் கடும் தலைவலியும் கண் மங்கலும் வந்து வலிப்பில் முடியலாம்.

ரத்தசோகையோ நம் பெண்களின் கூடப்பிறந்த நோய் போலாகிவிட்டது. இந்தியாவில் கர்ப்பிணிகளில் 100க்கு 52 பேருக்கு அது இருப்பதாக மேலே சொன்ன அதே ஆய்வு கூறுகிறது. மற்றவள் தாங்கும் ரத்தப்போக்கு இவளைக் கொன்றுவிடும். துணி நனைவதை முதலில் பார்த்து நர்சைக் கூப்பிடுபவள் பக்கத்தில் இருக்கும் துணைதான். நர்சுகளை நாம் குறை சொல்லவில்லை. அவர்களும் நம்மைப் போன்ற உழைப்பாளிகளே. ஒருத்தி பல கட்டில்களைப் பார்க்க வேண்டிய நிலையில் எல்லாத் தாய்க்கும் பக்கத்தில் எப்படி நிற்பாள்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். துணை இருக்கிறது என்று ஆஸ்பத்திரியைத் தவிர்க்கக் கூடாது. தமிழ்நாட்டில் இன்று பிரசவங்கள் அனேகமாக எல்லாமே ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. இது பெரிய வெற்றி. நோயுள்ள தாய் நிபுணர் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். டாக்டரின் வேலையை டாக்டர் செய்யட்டும். துணையின் வேலையைச் செய்யத் துணைக்கு இடம் விடட்டும்.

இனி, இந்தத் துணைக்கு விலை கொடுப்பது யார்? பணம் படைத்தவர்கள் நகரங்களில் டூலாவைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்கிறார்கள். நம் வீட்டில் துணைக்குப் போகிறவள் மாமியாரோ, அக்காளோ, நாத்தனாரோ. அவளும் கூலிக்காரி. நோயுள்ள தாய் முன்கூட்டியே சேர்க்கப்படுவாள். பிறகும் பல நாள் தங்குவாள். அத்தனை நாளும் துணைக்காரியின் கூலி போயிற்று. மில் வேலையானால் வேலையே போனாலும் போகும். 1961இன் மகப்பேறுச் சட்டமும், விடுப்பை 26 வாரமாக உயர்த்திய 2017இன் திருத்தமும் பிள்ளை பெற்றவளுக்கு உரிமை தந்தன. துணை நின்றவளுக்கு ஒரு நாள் கூலியும் எழுதவில்லை.

இதற்குப் பணம் ஏது என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். முதலாளித்துவ நாடான அமெரிக்காவிலேயே ஒரிகான், மின்னசோட்டா போன்ற மாகாணங்களில் ஏழைகளின் அரசாங்க மருத்துவக் காப்பீட்டிலிருந்து டூலாவுக்குக் கூலி கொடுக்கிறார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

ஆகவே நாம் கோருவது:

1. இருக்கும் உத்தரவை நோயுள்ள தாய்மாருக்கும் தவறாமல் அமல் நடத்த வேண்டும். ஆபரேஷன் அறைக்குள் விட முடியாவிட்டால், அதுவரையிலும், வெளியே கொண்டுவந்த உடனேயும் துணை பக்கத்தில் இருக்க வேண்டும்.

2. கட்டிலுக்குக் கட்டில் திரை, துணைக்கு ஒரு நாற்காலி, கழிப்பிடம், குடிதண்ணீர். இடமில்லை என்ற சாக்கு இதோடு ஒழியும்.

3. துணைக்கு வரும் பெண்ணுக்கு ஏழாம் மாதத்திலிருந்தே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சி. என்ன நோய், என்ன மருந்து, எந்த அறிகுறி கண்டால் யாரைக் கூப்பிடுவது என்று சொல்லித்தர வேண்டும்.

4. துணை நிற்கும் நாட்களுக்குக் கூலி ஈடு; மில்களில் அந்த நாட்களுக்குச் சம்பளத்துடன் விடுப்பு.

5. ஆளில்லாத தாய்க்கு ஆஸ்பத்திரியே சம்பளம் கொடுத்துப் பயிற்சி பெற்ற துணையை நியமிக்க வேண்டும். பெற்றோரைப் பிரிந்து மில் விடுதிக்கு வந்தவளும், பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்தவளும் அனாதையாகப் பிள்ளை பெறக் கூடாது.

கோரிக்கை நிறைவேறும் வரை நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மில் சங்கங்களும், விவசாயத் தொழிலாளர் சங்கங்களும், மாதர் சங்கங்களும் இன்றே தொடங்கலாம். உங்கள் தெருவில், உங்கள் லயனில் நோயுள்ள கர்ப்பிணி யார் என்று கேளுங்கள். அவள் நோயையும், சாப்பிடும் மருந்தின் பெயரையும் அளவையும், ரத்த வகையையும் ஒரு தாளில் எழுதித் தாய் சேய் அட்டையோடு வையுங்கள். ஒருவருக்கு இருவராகத் துணையை முன்னமே பேசி வையுங்கள். வாசலில் தடுத்தால், உத்தரவு இருக்கிறது என்று எடுத்துச் சொல்ல ஒரு சங்கத் தோழர் வெளியே நிற்கட்டும்.

நூல் நூற்கிறவளும் நெல் நடுகிறவளும் நாட்டுக்கு உடையும் உணவும் தருகிறார்கள். அவர்கள் உயிரைப் பணயம் வைக்கும் அந்த இரவில், கையைப் பிடித்துக்கொள்ள ஒரு கையைக் கேட்கிறோம். அந்தக் கதவு திறந்தாக வேண்டும்.