மன்னிப்புப் பெற்ற கட்டிடங்கள்

2023 பெப்ரவரி 6ஆம் நாள் அதிகாலை துருக்கியின் தென்கிழக்கை உலுக்கிய பூகம்பத்தில், அந்நாட்டில் மாத்திரம் 53,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். இயற்கையின் சீற்றம் என்று கூறி அமைதல் எளிது. ஆயின், 1999இல் இஸ்மித் நகரை அழித்த பூகம்பத்தின் பின் கட்டிட விதிகளை அந்நாடு இறுக்கியிருந்ததே! பின் நிகழ்ந்தது யாது?

2018இல், தேர்தலுக்குச் சற்று முன்னர், அனுமதியின்றி எழுந்த கட்டிடங்களுக்கு அரசு பொதுமன்னிப்பு வழங்கிற்று. தேர்தற் காலம் கருணைக் காலம் போலும்! பணம் செலுத்தியோர்க்குப் பத்திரம் கிடைத்தது. தூணும் சீமெந்தும் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று பொறியியலாளர் எவரும் சென்று பார்க்க வேண்டியதில்லை. அஃது உரிமையாளரின் பொறுப்பென்று அச்சட்டமே கைகழுவியது. அதிகாலை அவ்வீடுகளில் உறங்கியோர் இதனை அறிந்திருப்பரா?

பூகம்பத்தின் பின் கட்டுநர் பலர் சிறைப்பட்டனர்; விமான நிலையத்திற் பிடிபட்டோரும் உளர். மன்னிப்புச் சட்டத்தை இயற்றியோர் எவரும் அக்கூண்டில் நிற்கவில்லை.